சி.ஐ.டி. கதையை மக்கள் ஏன் விடவில்லை?

2018-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, சனிக்கிழமை இரவு, ஒரு போலீஸ் கதை முடிந்தது.

கதையின் பெயர் "சி.ஐ.டி.". சோனி டெலிவிஷனில் வந்த இந்தித் தொடர். 1998-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி தொடங்கியது. 20 ஆண்டுகள் ஓடியது. மொத்தம் 1,547 பகுதிகள்.

அது தொடங்கியபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை, அது முடிந்தபோது பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்து விட்டான்.

கதை நின்றதும் நாடு முழுவதும் ஒரே முணுமுணுப்பு. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஊரை விட்டுப் போனது போல வருத்தப்பட்டார்கள்.

அந்த வருத்தம் லேசில் தீரவில்லை. 6 ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 21-ந் தேதி, பழைய ஆட்களைக் கொண்டே தொடரை மறுபடியும் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில், கதையில் வரும் பெரிய அதிகாரி இறந்து விட்டதாகக் காட்டினார்கள். நடிகருக்கு ஒன்றும் இல்லை. செத்தது வேஷம்தான். ஆனாலும் ஜனங்கள் துக்கம் கொண்டாடினார்கள், கோபித்துக் கொண்டார்கள். கடைசியில் அவரைத் திரும்பக் கூட்டி வர வேண்டியதாயிற்று.

அப்படி என்ன இருக்கிறது இந்தக் கதையில்?

மங்கலத்து லைன் வீடுகளில்

திருப்பூரில் இருந்து நொய்யல் ஆற்றை ஒட்டி மேற்கே போனால் மங்கலம் வரும். விசைத்தறி ஊர். தறிச் சத்தம் இல்லாவிட்டால் அங்கே பலருக்குத் தூக்கம் வராது. இப்போது தறியோடு பனியன் வேலையும் சேர்ந்து கொண்டது. பவர் டேபிள், செக்கிங், அயர்ன் என்று சந்துக்குச் சந்து வேலை நடக்கிறது.

முன்பெல்லாம் வேலைக்கு வந்தவர்கள் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள். இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளத்துப் பிள்ளைகளும் வந்து விட்டார்கள். திருப்பூர் வட்டாரம் எங்கும் இதே கதைதான். லைன் வீட்டில் ஓர் அறையில் நாலைந்து பேர் தங்குவார்கள். ஒருவன் சமைப்பான். ஒருவன் தண்ணீர் பிடிப்பான்.

ஷிப்ட் முடிந்து வந்தால் பொழுதுபோக்கு என்ன? கையில் இருக்கும் செல்போன்தான். அதைச் சுவரில் சாய்த்து வைத்துக் கொண்டு சாப்பிடும்போது, புதுப் படத்தைப் போலவே பழைய சி.ஐ.டி.யும் ஓடும். அது அவர்கள் சின்ன வயதில் சொந்த ஊரில் பார்த்த கதை. அம்மாவோடு, அண்ணனோடு சேர்ந்து பார்த்த கதை. அதைப் பார்த்தால் வீட்டு நினைவு வரும்.

அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தி தெரியாது. இருந்தாலும் கதை புரியும். பிணம் கிடக்கிறது. போலீஸ் வருகிறது. கதவு பூட்டியிருக்கிறது. வாட்டசாட்டமான ஒருவர் காலால் ஓர் உதை விடுகிறார். கதவு பிளந்து விழுகிறது. இதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

அந்த உதை விடுபவர் பெயர் தயா. நடிப்பவர் தயானந்த் ஷெட்டி. நடிக்க வருவதற்கு முன்பு வட்டு எறியும் வீரர். கதவுக்குக் கேடு காலம் வந்ததில் வியப்பில்லை.

பாங்கியில் இருந்து வந்த அதிகாரி

பெரிய அதிகாரி பிரத்யுமனாக நடித்தவர் சிவாஜி சாட்டம். இவர் பாங்கியில் காசாளராக வேலை பார்த்தவர். கூட வரும் அபிஜித், ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா. பிணத்தைச் சோதிக்கும் டாக்டர் சாலுங்கே, நரேந்திர குப்தா. சிரிக்க வைக்கும் பிரெடரிக்ஸ், தினேஷ் பட்னிஸ். பட்னிஸ் 2023 டிசம்பரில் காலமானபோது, அவர் முகத்தைச் சின்னத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள்கூடக் கண் கலங்கினார்கள்.

தொடரை உண்டாக்கியவர் பி.பி.சிங். பம்பாய் தூர்தர்ஷனில் காமிராக்காரராக இருந்தவர். 2004-ம் ஆண்டு இவர் ஒரு காரியம் செய்தார். லோனாவ்லாவில் ஒரு பங்களாவுக்குள், 111 நிமிடக் கதையை, காமிராவை ஒரு தடவைகூட நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்து முடித்தார். அது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

ஆனால் சாதனைக்காக யாரும் ஒரு கதையை 20 ஆண்டு பார்ப்பதில்லை.

அன்றைய கதை அன்றைக்கே

முதல் காரணம் எளிது. சி.ஐ.டி.யில் பெரும்பாலும் அன்றைக்குத் தொடங்கிய வழக்கு அன்றைக்கே முடிந்து விடும். சில சமயம் அடுத்த நாளுக்குப் போகும். அவ்வளவுதான்.

மாமியார் கதையில் இந்த வசதி கிடையாது. தை மாதம் காணாமல் போன நகை ஆடி மாதம் வரை கிடைக்காது. முடியாத கதை என்றால் நம் ஊரில் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்வார்கள். 1960-ம் ஆண்டு தினத்தந்தியில் புறப்பட்ட சிந்துபாத் கடலில் போய்க்கொண்டே இருந்தார். அதிலும் ஒரு சுகம் உண்டு. ஆனால் நாள் முழுவதும் தறி ஓட்டி, பீஸ் எண்ணி, கூலிக்குக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, ஏதாவது ஒரு காரியம் இன்றைக்கே முடிந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருக்கும். சி.ஐ.டி. அந்த ஆசையைத் தீர்த்து வைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் முக்கியம்.

சி.ஐ.டி.யில் பிணம் யாருடையதாகவும் இருக்கும். கோடீஸ்வரனாக இருக்கும். வீட்டு வேலைக்காரியாக இருக்கும். பெயர் தெரியாத ஆளாக, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். யாராக இருந்தாலும் அதே அதிகாரி வருகிறார். அதே டாக்டர் வருகிறார். "இவர் யார்? பெயர் என்ன? எந்த ஊர்? கடைசியாக யாரைப் பார்த்தார்?" என்று கேட்கிறார்கள். விடை கிடைக்கும் வரை போவதில்லை.

"ஏதோ கோளாறு இருக்கிறது" என்று பிரத்யுமன் கையைச் சுழற்றிக் கொண்டு சொல்வதைப் பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் பாசமும் இருந்தது. கோளாறு இருக்கிறது என்று ஓர் அதிகாரி தாமாகவே சொல்கிறாரே! மற்ற இடங்களில் கோளாறு இருக்கிறது என்று நாம் அல்லவா அலைந்து அலைந்து சொல்ல வேண்டியிருக்கிறது!

ஏழைக்கு இது பெரிய விஷயம். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு இன்னும் பெரிய விஷயம்.

தமிழனுக்குப் புதிதல்ல

துப்பறியும் கதை தமிழனுக்கு நேற்று வந்த ருசி அல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு எல்லாரும் சுதந்திரத்துக்கு முன்பே இந்தக் கதைகளை எழுதிக் குவித்தார்கள். விளக்கைத் தணித்து வைத்துக் கொண்டு பெண்கள் ஒளித்து ஒளித்துப் படித்தார்கள்.

தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு ஓர் அசடு. பாங்கி குமாஸ்தா வேலையை இழந்து துப்பறிய வந்தவர். அறிவால் அல்ல, அதிர்ஷ்டத்தால் கண்டுபிடிப்பார். பிரத்யுமனாக நடித்தவரும் பாங்கியில் இருந்து வந்தவர்தான். பாங்கிக்கும் துப்பறிவதற்கும் என்ன பொருத்தமோ! தமிழ்வாணன் படைத்த சங்கர்லால் வேறு மாதிரி. அவர் டீ குடித்துக் கொண்டே முடிச்சை அவிழ்ப்பார்.

1954-ல் வந்த "அந்த நாள்" படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. சுட்டது யார் என்ற ஒரே கேள்விதான். எஸ்.பாலசந்தர் துணிந்து எடுத்தார்.

1974-ல் வந்த "தங்கப்பதக்கம்" படத்தில், தடம் மாறிய மகனைப் போலீஸ் அதிகாரியான தகப்பனே சுடுகிறார். சிவாஜி கணேசனின் அந்த முகத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. சி.ஐ.டி.யிலும் பிரத்யுமன் தம் மகனைச் சுடும் கதை வருகிறது. அதை முதல் தடவை பார்த்த தமிழ்ப் பெரியவர்கள் "இது நம்ம சவுத்ரி கதை அல்லவா" என்று சொல்லியிருப்பார்கள்.

கதையை விடுங்கள். நிஜத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1952 ஆகஸ்டில் போட் மெயில் ரெயில் மானாமதுரைக்கு வந்தபோது, ஒரு பெட்டியில் இருந்து நாற்றம் வந்தது. திறந்தால் தலையில்லாத உடல்! தலை சென்னை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையதுதானா? சென்னை மருத்துவக் கல்லூரியில் சோதித்துச் சொன்னார்கள். ஆம், பேனா வியாபாரி ஆளவந்தார்தான். 1953-ல் வழக்கு முடிந்து தண்டனையும் கிடைத்தது. அந்த நாளில் இந்தச் செய்திக்காகப் பத்திரிகையை எதிர்பார்த்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

அந்த வழக்கில் யாரும் கதவை உடைக்கவில்லை. எலும்பையும் பல்லையும் பொறுமையாகப் பார்த்தார்கள். டாக்டரின் வேலைதான் வழக்கை நிறுத்தியது.

டாக்டர் சாலுங்கேயின் மாயம்

சி.ஐ.டி.யில் டாக்டர் சாலுங்கே ஒரு கண்ணாடிக் குழாயை எடுப்பார். நீலத் தண்ணீரில் ஏதோ ஒரு சொட்டு விடுவார். நிறம் மாறும். "விஷம்!" என்பார். பால் காய்ச்சும் நேரம்கூட ஆகாது.

நிஜத்தில் இது நடக்காது. குடலைப் பத்திரப்படுத்தி, சீல் வைத்து, சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே வரிசை இருக்கும். அறிக்கை வர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். டெலிவிஷனைப் பார்த்துவிட்டு "ஒரு நிமிட வேலைக்கு ஏன் இத்தனை நாள்?" என்று போலீசாரிடம் சண்டை பிடிக்கிறவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சென்னைக்கு இந்த வேலை பழையது. விஷம் கண்டுபிடிக்கும் ரசாயனச் சோதனைச்சாலை 1849-லேயே இங்கு ஏற்பட்டது. உலகத்தில் முதல் கைரேகை நிலையம் 1897-ல் கல்கத்தாவில் ஏற்பட்டது. அந்த முறையை வகுத்ததில் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் அதிகாரிகளின் மூளை இருந்தது. பேர் என்னவோ வெள்ளைக்கார அதிகாரி ஹென்றிக்குப் போய் விட்டது.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் வந்திருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை கிடைக்கக் கூடிய குற்றம் என்றால், தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் எடுக்க வேண்டும். இதற்கு ஏற்பாடு செய்ய மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 20 ஆண்டுகளாகக் கதையில் வந்த டாக்டர் இப்போது சட்டத்திலும் வந்து விட்டார். சோதனைச்சாலைகளில் ஆட்களும் வேண்டுமே! அதையும் செய்தால்தான் சட்டம் பேச்சாக நிற்காமல் காரியமாகும்.

அந்த ஓர் அறை

சி.ஐ.டி.யில் நல்லது சொன்னோம். கெட்டதையும் சொல்ல வேண்டும்.

கதை முடியும் நேரம். சந்தேகப்பட்ட ஆள் எதிரே நிற்கிறான். பிரத்யுமனோ, தயாவோ பளார் என்று ஓர் அறை விடுகிறார். உடனே அவன் எல்லாவற்றையும் கொட்டி விடுகிறான். "உனக்குத் தூக்குதான்" என்று அதிகாரியே தீர்ப்பும் சொல்லி விடுகிறார். நீதிபதிக்கு வேலையே இல்லை!

வீட்டில் குழந்தைகள் கைதட்டுகிறார்கள். பெரியவர்களும் "நல்லா வேணும்" என்கிறார்கள்.

கதையில் அந்த அறை தப்பாகப் போவதில்லை. அறை வாங்குகிறவன்தான் குற்றவாளி என்று எழுதியவருக்கு முன்பே தெரியும். நிஜத்தில் யாருக்குத் தெரியும்?

போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகச் செல்லாது. 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே அப்படி எழுதி விட்டார்கள். 2024-ல் வந்த புதுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரன் இந்தியன் மேல் இரக்கப்பட்டு எழுதியதல்ல அது. அடித்து வாங்கும் வார்த்தையை நம்ப முடியாது என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமாரைப் பலருக்குத் தெரியும். இளைஞராக இருந்தபோது பிழைப்புத் தேடி ஆந்திராவில் குண்டூருக்குப் போனார். 1983-ல் அங்கே போலீசார் அவரையும் கூட இருந்தவர்களையும் பிடித்தார்கள். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்தார்கள். அந்த அனுபவத்தைப் பிற்காலத்தில் "லாக்கப்" என்ற நாவலாக எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த படம்தான் 2016-ல் வெளிவந்த "விசாரணை".

வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள், அந்த ஊர் மொழியில் வாதாட முடியாமல், கேட்க நாதியில்லாமல் லாக்கப்பில் கிடந்த கதை அது.

அன்று குண்டூரில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்த இடத்தில், இன்று மங்கலத்தில் ஒடிசாப் பிள்ளைகளும் பீகார் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏதாவது ஒரு கம்பெனியில் ஒரு பொருள் காணாமல் போனால், முதலில் யார் மேல் கண் போகிறது? அதைச் சொல்லத் தேவையில்லை. அறைந்தால் உண்மை வரும் என்று கதையைப் பார்த்துக் கைதட்டிப் பழகிய ஊர், அந்தப் பையனை அறையும்போது குறுக்கே போய் நிற்குமா?

கனடாவிலும் இப்படித்தான்

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல.

கனடா நாட்டில் குதிரைப் போலீஸ் என்று ஒரு படை உண்டு. சிவப்புச் சட்டை, அகலத் தொப்பி. அந்தப் படையைச் சேர்ந்த ஒருவரை வைத்து "டியூ சவுத்" என்று ஒரு தொடர் எடுத்தார்கள். 1994-ல் தொடங்கி 1999-ல் முடிந்தது. கதாநாயகன் பெயர் பிரேசர். நடித்தவர் பால் கிராஸ். தகப்பனைக் கொன்றவர்களைத் தேடி அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்கு வருகிறார். பொய் சொல்ல மாட்டார். திருடனிடம்கூட "தயவு செய்து" என்றுதான் பேசுவார். கூடவே காது கேளாத ஓர் ஓநாய்!

கனடாக்காரர்கள் தங்கள் போலீஸ் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அமெரிக்கக் கம்பெனி நிறுத்தி விட்ட பிறகும் வெளிநாட்டுப் பணம் சேர்த்துத் தொடரை நடத்தினார்கள். முடிந்தபோது வருந்தினார்கள்.

8 ஆண்டு கழிந்தது. 2007 அக்டோபர் 13-ந் தேதி, கனடாவில் வான்கூவர் விமான நிலையம். போலந்து நாட்டில் இருந்து தாயாரிடம் வந்து சேர்வதற்காக ராபர்ட் ஜெகான்ஸ்கி என்பவர் வந்து இறங்கினார். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. தாயார் வெளியே காத்திருக்கிறார். இவர் உள்ளே வழி தெரியாமல் மணிக்கணக்கில் தவிக்கிறார். களைத்துப் போய்க் கலவரப்பட்டு நாற்காலியைத் தூக்கினார். அதே குதிரைப் போலீஸ் படையைச் சேர்ந்த நால்வர் வந்தார்கள். வந்த சில விநாடிகளில் மின்சார அதிர்ச்சித் துப்பாக்கியால் சுட்டார்கள். திரும்பத் திரும்பச் சுட்டார்கள். அவர் அங்கேயே இறந்தார். அப்படிச் சுட்டதற்கு நியாயம் இல்லை என்று பிறகு நடந்த விசாரணைக் கமிஷன் சொன்னது.

போலந்து மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வந்து "என்னப்பா வேண்டும்?" என்று கேட்டிருந்தால், தாயும் மகனும் அன்றைக்கே சேர்ந்திருப்பார்கள்.

2023-ல் திருப்பூர் செய்தது

திருப்பூர் வட்டாரம் இந்தப் பாடத்தை ஒரு தடவை நன்றாகவே எழுதியது.

2023 மார்ச் மாதத் தொடக்கம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று செல்போனில் படங்கள் பரவின. எல்லாம் பொய். எங்கேயோ நடந்த சண்டையை எடுத்து இங்கே நடந்ததாக ஒட்டி விட்டிருந்தார்கள். ஆனால் பயம் பொய் அல்ல. பீகாரில் இருந்த தாய்மார்கள் அழுது கொண்டே போன் செய்தார்கள். "உடனே கிளம்பி வா" என்றார்கள். ரெயில் நிலையத்தில் கூட்டம் கூடியது. கம்பெனிகளில் மெஷின் முன்னால் ஆள் இல்லை.

அப்போது போலீசாரும் மாவட்ட அதிகாரிகளும் கம்பெனிகளுக்கே போனார்கள். இந்தி தெரிந்தவர்களைக் கொண்டு பேசினார்கள். உதவிக்குப் போன் நம்பர் கொடுத்தார்கள். பீகார் அரசாங்கத்தின் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களை நேரில் பார்த்தது. பொய்ப் படம் பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். பயம் அடங்கியது.

இதில் ஒரு கதவும் உடையவில்லை. ஓர் அறையும் விழவில்லை. டெலிவிஷனில் காட்டினால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் நாட்டில் ஒரு பெரிய கலவரம் மூளாமல் போனது இப்படித்தான். பேசத் தெரிந்ததால் போனது.

சாத்தான்குளத்தில் நடந்தது வேறு

போலீஸ் வேலையின் இன்னொரு முகத்தையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வியாபாரிகளான தகப்பனும் மகனும் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார்கள். நாடே கொதித்தது.

அந்த நிலையத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், கூட வேலை பார்க்கிறவர்கள் வெளியே நிற்கும்போதே, தாம் கண்டதைச் சொன்னார். குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது, பயம் இருக்கிறது. இருந்தும் சொன்னார். பிரத்யுமனைப் பார்த்து "இப்படி ஒரு போலீஸ் இருக்கக் கூடாதா?" என்று ஏங்குகிறவர்கள் அந்தப் பெண்மணியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். 1,547 பகுதிகளிலும் அதைவிடப் பெரிய துணிச்சல் இல்லை.

குடும்பம் தெரிந்து கொள்ள வேண்டியவை

சி.ஐ.டி. பார்த்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை வரை தெரியும். ஆனால் போலீஸ் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்தால் என்ன காகிதம் வாங்க வேண்டும் என்று பலருக்குத் தெரியாது.

பிடிக்கத் தக்க குற்றத்தைப் பற்றிப் புகார் கொடுத்தால், முதல் தகவல் அறிக்கை எழுத வேண்டும். எழுத்து வராதவர் வாயால் சொன்னால் போதும். போலீசார் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். சம்பவம் வேறு நிலையத்து எல்லையில் நடந்தாலும், "இங்கே வாங்க மாட்டோம், அங்கே போ" என்று திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கிக் கொண்டு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். வாங்க மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்கு எழுதித் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் இருக்கிறார்.

ஒருவரைக் கைது செய்தால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வைத்தியச் சோதனை செய்ய வேண்டும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி விட்டது. 2020 டிசம்பரில், எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காமிரா வைக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. காமிரா இருந்தால் போதாது. அது ஓட வேண்டும். விசாரணை வரும்போது மட்டும் பழுதாகும் காமிரா யாருக்கு வேண்டும்?

மங்கலத்தைப் போன்ற ஊர்களுக்கென்றே எழுதியது போல இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரைக் கைது செய்தாலும், எதற்காகக் கைது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் அந்த ஆளுக்குத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டும்.

ஒடிசாப் பையன் என்றால் ஒடியாவில். வங்காளத்துப் பையன் என்றால் வங்காளியில்.

இரவு 11 மணிக்கு, தறி ஓடும் ஒரு சிற்றூரின் போலீஸ் நிலையத்தில், அந்தக் காகிதத்தை ஒடியாவில் எழுதப் போவது யார்? கம்பெனி சூப்பர்வைசரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னால் போதும் என்று சிலர் நினைக்கலாம். புகார் கொடுத்ததே அந்தக் கம்பெனியாக இருந்தால்? ஆள் பிடித்து வந்த ஏஜெண்டைக் கூப்பிட்டால், அவர் பையன் பக்கம் பேசுவாரா, முதலாளி பக்கம் பேசுவாரா?

திருப்பூர் வட்டாரத்தில் இந்தியும் ஒடியாவும் வங்காளியும் தமிழும் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இங்கேயே குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்கும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நம்பிக்கையானவர்களின் பட்டியல் ஒன்றை மாவட்ட நிர்வாகமும் சட்ட உதவி ஆணைக்குழுவும் சேர்ந்து தயாரிக்கலாம். கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறவர்களுக்குப் படியும் கொடுக்கலாம். அந்தப் பட்டியலை, போன் நம்பரோடு, ஒவ்வொரு நிலையத்திலும் எழுத்தர் மேஜைக்கு மேலே ஒட்டி வைக்கலாம். ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.